வெட்டு நாளில் மாத்திரை இல்லை

பிப்ரவரி 9

குளியலறைக் கண்ணாடி ஒன்று, சுவர்க்கடிகார முகப்பு ஒன்று, என் இடது கட்டைவிரல் ஒன்று. இன்றைக்கு வெட்டியவை இவ்வளவுதான். முதல் இரண்டும் சுத்தமாக வந்தன.

கட்டைவிரலில் பட்டதைக் கண்ணாடிக் கடையில் யாரும் வெட்டு என்று சொல்ல மாட்டார்கள். கீறல். இத்தனை காலமும் இப்படிப் பட்டால் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த கோட்டைப் போடுவேன். நவம்பரில் மாரடைப்பு வந்து, நெஞ்சுக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைத்ததிலிருந்து அந்தச் சுகம் போயிற்று. அதில் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன. ஆனால் நெஞ்சு எது, கட்டைவிரல் எது என்று பார்த்துச் செய்யும் புத்தி மாத்திரைக்கு ஏது? விரலிலும் உறைய விடுவதில்லை. சொட்டு, சொட்டு, இன்னொரு சொட்டு. மேசைமேல் விரித்திருக்கும் கம்பளி முழுக்கப் புள்ளி.

தம்பி பஞ்சோடு ஓடி வந்தான். அவனுக்கு ரத்தம் ஆகாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் பஞ்சை நீட்டுவான், பாதி நேரம் அது என் மூக்கில் வந்து இடிக்கும். கடையில் பாதிப் பங்குக்காரன், தலை நரைத்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நான் கூப்பிடுவது ‘பஞ்சு’ என்று. இப்போது வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 11

குச்சி டாக்டரிடம் போய் வந்தேன். இதய டாக்டருக்கு நான் வைத்த பெயர். பக்கவாட்டில் திரும்பினால் ஆளையே காணோம், குரல் மட்டும் கூடம் நிறைய.

ஸ்டென்டைப் பற்றி மறுபடியும் விளக்கினார். “அது உங்க ரத்தக்குழாய்க்கு வெளியாள்மா. உடம்பு அது மேல தோல் வளத்து ஏத்துக்கிற வரைக்கும், ரத்தம் அதைப் பாத்தா கூட்டம் போடும். கூட்டம் கூடினா அடைப்பு. இந்த ரெண்டு மாத்திரையும் கூட்டத்தைக் கலைக்கிற போலீஸ். ஒரு வருஷம் தினமும் ரெண்டும். அப்புறம் ஒண்ணை நிறுத்தலாமான்னு நான் சொல்வேன். நீங்க சொல்லக் கூடாது.”

ஆக ஆஸ்பிரின் வெள்ளைக் கான்ஸ்டபிள், குளோபிடோக்ரல் ரோஸ் கான்ஸ்டபிள். என் நெஞ்சில் எந்நேரமும் ரோந்து.

“வேற ஏதாவது தொந்தரவு? ரத்தம் நிக்காம வர்றது, அந்த மாதிரி?”

“ஒண்ணுமில்ல டாக்டர்,” என்றேன். கையை மடியில் மூடி வைத்துக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதா? மாத்திரையையா விடச் சொல்வார்? கண்ணாடியை விடச் சொல்வார். இந்த வயதில் கண்ணாடியை விட்டுவிட்டு நான் என்ன செய்வது, கல்லாவில் உட்கார்ந்து தம்பி கோணலாக வெட்டுவதை வேடிக்கை பார்ப்பதா?

பிப்ரவரி 12

தம்பி கோணலாகத்தான் வெட்டுகிறான்.

பிப்ரவரி 20

இன்று மானம் போனது. போன வாரம் சட்டம் போட்டுக் கொடுத்த புகைப்படத்தை ஒரு அம்மா திருப்பிக் கொண்டுவந்தார். காலமான மாமனாரின் படம். கண்ணாடிக்கு உள்பக்கம், சரியாக மாமனார் மூக்கின் மேல், என் விரலிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டு.

“உயிரோட இருந்தப்பவும் மூக்கு இப்படித்தான் செவந்திருக்கும்,” என்றார் அந்த அம்மா. “ஆனா படத்துலயாவது குடிக்காம இருக்கட்டுமே.”

கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். துடைக்கும்போதே நடுவிரலில் பட்டது. தம்பி பஞ்சோடு வந்தான். மாமனார் இன்னொரு ரவுண்டு போடுவதற்குள் படத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

மார்ச் 2

பக்கத்துச் செருப்புக்கடை அண்ணன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இன்றுதான் கடை திறந்தார். அவரும் ஆஸ்பிரின் போடுகிறவர்தான், எப்போதோ தலை சுற்றியதற்காக.

“ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்ச நாள் மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க,” என்றார். “ரத்தம் அதிகமா போயிடும்ல. நிறுத்தினேன். ஒண்ணும் ஆகல. கல்லு மாதிரி இருக்கேன் பாரு.”

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆபரேஷன் என்றால் என்ன? வெட்டுவது. அதற்கு முன்னால் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நான் செய்வது என்ன? வெட்டுவது. டாக்டர்களே வெட்டு நாளில் நிறுத்துகிறார்கள் என்றால், கண்ணாடிக்காரி நிறுத்தினால் என்ன குற்றம்?

எங்கள் கடையில் நாள்களுக்கே பெயர் உண்டு. வாசலில் தொங்கும் சிலேட்டில் தம்பி எழுதி வைப்பான். வெட்டு நாள், தேய்ப்பு நாள், மாட்டு நாள். வெட்டு நாளில் வெட்டுவது, தேய்ப்பு நாளில் இயந்திரத்தில் ஓரம் தேய்ப்பது, மாட்டு நாளில் வீடு வீடாகப் போய்ச் சுவரில் மாட்டுவது. ரத்தம் வருவது வெட்டு நாளில் மட்டும். தேய்ப்புக்கும் மாட்டுக்கும் கான்ஸ்டபிள்கள் வேலைக்கு வரட்டும். வெட்டு நாளில் அவர்களுக்கு லீவு.

இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

மார்ச் 3

வெட்டு நாள். மாத்திரை இல்லை. ரத்தம் மட்டும் எப்போதும் போல வந்தது. ஒரு நாளில் பலன் தெரியாது போலிருக்கிறது.

மார்ச் 6

பெரிய வேலை வந்திருக்கிறது. நடனப் பள்ளி ஒன்று புதிதாகத் திறக்கிறார்களாம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டுமாம், தரையிலிருந்து என் தலைக்கு மேல் ஒரு முழம் வரை. பக்கச் சுவர்களுக்குத் துண்டுக் கண்ணாடிகள் தனி. நடன டீச்சர் நேரில் வந்தார். நடந்து வந்தாரா மிதந்து வந்தாரா என்று தெரியவில்லை.

“ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல கோடு தெரியக் கூடாது,” என்றார். “கோடு தெரிஞ்சா பொண்ணுங்க காலை அங்க பாத்து நிறுத்துவாங்க.”

தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். எதிர்த்தெரு பெரிய கண்ணாடிக் கடைக்காரரிடம் போகாமல் எங்களிடம் வந்திருக்கிறார். எதிர்த்தெருக்காரருக்கு இன்று சாப்பாடு இறங்கியிருக்காது.

மார்ச் 9

வெட்டு நாள்.

மார்ச் 10

வெட்டு நாள்.

மார்ச் 11

வெட்டு நாள். ரத்தம் குறைகிறது. நான் சொன்னேனில்லையா.

மார்ச் 16

தேய்ப்பு நாளாக இருக்க வேண்டியது. இரண்டு கண்ணாடி ஓரம் உடைந்துவிட்டதால் மறுபடி வெட்டு. காலையில் ரோஸ் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப டப்பாவில் போட்டேன். வெட்டு என்று ஆன பிறகு எதற்கு?

முதுகு வலிக்கிறது. செருப்புக்கடை அண்ணன் ஒரு வலி மாத்திரை கொடுத்தார். “ரொம்ப ஸ்ட்ராங்கு,” என்றார். அவர் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வார், செருப்பு உட்பட. மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 21

இந்த மாதம் முழுக்க வெட்டு நாளாகவே போகும் போலிருக்கிறது. மாத்திரை டப்பா கடைக்கு மேலே மாடி வீட்டில், சமையலறை ஜன்னலில் தூசு பிடித்திருக்கிறது. வேலை முடிந்ததும் ஒழுங்காகப் போடுவேன். யாருக்குச் சத்தியம் செய்கிறேன்? எனக்குத்தான். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியாதா?

மாடிப்படி ஏறும்போது ஒரு மாதிரி மூச்சு வாங்கியது. கண்ணாடி தூக்கிய களைப்பு.

மார்ச் 26

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கடைசிக் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தேன். கோடு போட்டு, அடியில் தட்டி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். சுத்தமாகப் பிரிந்தது, ஆனால் உள்ளங்கையில் இழுத்துவிட்டது. நல்ல வெட்டு, கீறல் இல்லை. “பஞ்சு,” என்று கத்தினேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான், ஆளுக்கும் பொருளுக்கும்.

அவன் உள்ளே போய் ரோலைப் பிரித்து, எப்போதும் போலப் பாதியைப் பிய்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி வந்தான். நான் அதற்குள் துணியால் அழுத்திவிட்டு வெட்டிய துண்டின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“கைய நீட்டு,” என்றான்.

“வேணாம். நின்னுடுச்சு.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு என் தம்பி, பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை நேராகப் பார்க்காதவன், மெதுவாகத் திரும்பி என் உள்ளங்கையைப் பார்த்தான். வெளுத்துவிட்டான். ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

“எப்படி நின்னுச்சு?”

“எப்படின்னா? அழுத்தினேன், நின்னுச்சு.”

“நவம்பர்லேர்ந்து நான்தானே உனக்குப் பஞ்சு கொண்டாறேன். சின்னக் கீறலுக்கே பாதி ரோல் போகும். இந்த மாசம் ரோலே குறையல. நான்கூட உனக்குக் கைப்பழக்கம் திரும்பிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்.” எச்சில் விழுங்கினான். “அக்கா. மாத்திரைய விட்டுட்டியா?”

ரத்தத்தையே பார்க்காத ஆள், பஞ்சை வைத்து என்னைப் பிடித்துவிட்டான்.

செருப்புக்கடை அண்ணன் கதையைச் சொன்னேன். வெட்டு நாள், லீவு, எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் சொல்லும்போது, மனதில் இருந்த அளவு புத்திசாலித்தனமாக இல்லை.

“அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கா?” என்றான்.

“இல்ல.”

“அவரா நிறுத்தினாரா, டாக்டர் நிறுத்தினாங்களா?”

“டாக்டர்.”

“அவரை மத்தவங்க வெட்டினாங்க. நீ கண்ணாடிய வெட்டற. ரெண்டும் ஒண்ணா? இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணு.”

நாளை மறுநாள் மாட்டு நாள், அது முடியட்டும் என்றேன். கத்தினான். நானும் கத்தினேன். என் ஒடம்பு, என் நெஞ்சு, நான் பாத்துக்கறேன், நீ யாருடா கேக்க— அப்படியெல்லாம் பேசிட்டேன். அவன் பஞ்சை மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டான். சாயங்காலம் டீ குடிக்கக்கூட வரல. வேணும்னா வரட்டும். நான் கூப்பிட மாட்டேன்.

அந்தப் பஞ்சு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

மார்ச் 27

இதை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். காரணம், என் கூடப் பிறந்தவன் ஒரு பச்சைத் துரோகி.

காலையில் எதுவுமே நடக்காத மாதிரி வந்தான். “ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கண்ணாடி உடைஞ்சிருக்காம். அளவெடுக்கக் கூப்பிட்டாங்க. நீ வந்தாத்தான் சரியா இருக்கும்,” என்றான். என்னைப் புகழ்ந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அளவு நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு, காதில் பென்சிலோடு கிளம்பினேன்.

லிஃப்டில் கண்ணாடி நன்றாகவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. “எங்கடா உடைஞ்சிருக்கு?” என்று கேட்பதற்குள் கதவு திறந்தது. எதிரே குச்சி டாக்டர், கையைக் கட்டிக்கொண்டு.

“வாங்கம்மா,” என்றார். “அளவெடுக்கலாம்.”

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பழைய காகிதத்தோடு வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். ரத்தமும் எடுத்தார்கள். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாத்திரையை உடனே கொடுத்தார்கள். நானாக விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தால் மறந்துவிடும்படியும், எவ்வளவு, எப்படி என்று அவர் சொல்வதுதான் கணக்கு என்றும் சொன்னார். “இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது,” என்றார்.

“நாளைக்கு மாட்டு நாள் டாக்டர்.”

“எனக்கும்தான்,” என்றார், என் நெஞ்சில் மானிட்டர் ஒயர்களை மாட்டச் சொல்லிவிட்டு.

காதில் இருந்த பென்சிலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தம்பியிடம் பேசவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறான். உட்காரட்டும்.

ஏப்ரல் 1

நேற்றுவரை எழுத முடியவில்லை.

28ஆம் தேதி காலை, தலையணை சரியில்லை என்று நர்சோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் நெஞ்சின்மேல் யாரோ வேலை மேசையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி ஆகிவிட்டது. தாடை வலித்தது. இடது கை என்னுடையது மாதிரியே இல்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்த்துச் சண்டையை விட்டுவிட்டு மணியை அழுத்தினார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மேல்கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து போனது ஞாபகம் இருக்கிறது. ஒரு விளக்கின் கண்ணாடி மூடியில் விரிசல் இருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். கூட்டம் கூடிவிட்டது. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, கட்டியை எடுத்து, வழியைத் திறந்தார்கள். நெஞ்சுத் தசையில் கொஞ்சம் அடி, அதிகம் இல்லை. “இங்கயே படுத்திருந்ததால பொழச்சீங்க,” என்றார் டாக்டர்.

நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. அந்த நேரத்தைப் பற்றி நினைக்கிறேன். அன்று மாட்டு நாள். அந்த நேரத்துக்கு நடனப் பள்ளிச் சுவரோரம் நான் பெரிய கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்திருப்பேன். மறுமுனையில் அவன் பிடித்திருப்பான். தூக்கும்போது அவன் எப்போதும் கீழே குனிந்து அடிமுனையைத் தாங்குவான், நான் மேலே பிடித்துச் சாய்ப்பேன். என் கை விட்டுப்போயிருந்தால் கண்ணாடி எங்கே விழுந்திருக்கும்?

அவன் கழுத்தில்.

என் ஒடம்பு என் நெஞ்சுன்னு கத்தினேனே. அறிவிருக்கா எனக்கு? ரெண்டு பேர் தூக்கற கண்ணாடியில ஒருத்தரோட நெஞ்சுன்னு தனியா எது இருக்கு?

பயமாக இருக்கிறது. இதை அவனிடம் சொல்லப்போவதில்லை. அவனும் இதே கணக்கைப் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காலையிலிருந்து அடிக்கடி தன் கழுத்தைத் தடவிக்கொள்கிறான்.

ஏப்ரல் 3

தம்பியோடு பேசிவிட்டேன். “தண்ணி எடு,” என்றேன். எடுத்தான். சமாதானம்.

ஏப்ரல் 5

வீட்டுக்கு விட்டார்கள். கிளம்பும் முன் குச்சி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசும் டாக்டர் ஆபத்தானவர்.

“கைல வெட்டு பட்டா ரத்தம் நிக்கலன்னு ஏன் என்கிட்ட சொல்லல?”

“கண்ணாடி வேலைய விடச் சொல்வீங்கன்னுதான்.”

“நான் எப்பச் சொன்னேன்?”

யோசித்துப் பார்த்தேன். எப்போதும் சொல்லவில்லை. அவர் பங்கையும் நானே பேசி, நானே கேட்டு, நானே பயந்திருக்கிறேன்.

“சொல்லியிருந்தா கையுறை போடச் சொல்லியிருப்பேன். வெட்டு பட்டா சுத்தத் துணிய வெச்சுப் பத்து நிமிஷம் எடுக்காம அழுத்தச் சொல்லியிருப்பேன், நடு நடுவுல எடுத்து எட்டிப் பாக்காம. அப்பவும் நிக்கலன்னா இங்க வரச் சொல்லியிருப்பேன். மாத்திரைய நீங்களா நிறுத்தறதைத் தவிர எல்லாத்தையும் பேசலாம்மா. எதைப் பத்தி வேணும்னாலும்.”

வலி மாத்திரை விஷயத்தையும் கேட்டார். இழுப்பறையில் இருந்ததைத் தம்பி போட்டுக் கொடுத்திருக்கிறான், துரோகத்தில் அவனுக்கு ருசி வந்துவிட்டது. அந்த மாதிரி வலி மாத்திரை இந்த இரண்டோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாமாம். முதுகு வலித்தால் எதைப் போடுவது என்று கேட்டுவிட்டுப் போட வேண்டுமாம். பல் பிடுங்கப் போனாலும், வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த இரண்டையும் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் நிறுத்தச் சொன்னாலும் இவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மலம் தார் மாதிரி கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலைவலி மண்டையைப் பிளந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே வர வேண்டும்.

“பேச்சுக் குழறினா யாருக்கும் தெரியாது டாக்டர், எங்கக்கா எப்பவுமே அப்படித்தான்,” என்றான் தம்பி.

டாக்டர் சிரித்துவிட்டார். ஆக, தினமும் காலையில் எழுந்து கழிப்பறையில் நிறம் பார்ப்பதும் இனி என் உத்தியோகம்.

ஏப்ரல் 8

நடனப் பள்ளிக்குப் போனேன், பார்க்க மட்டும். கண்ணாடியை மாட்டியது தம்பியும், எதிர்த்தெரு பெரிய கடைக்காரரும், அவருடைய ஆள்களும். விஷயம் கேள்விப்பட்டு அவரே வந்து நின்றாராம், கூலி வேண்டாம் என்றாராம். மனிதர் நல்லவராக இருந்து என்னைப் பழிவாங்குகிறார்.

இரண்டாவது, மூன்றாவது கண்ணாடிக்கு நடுவில் மயிரிழை அளவு கோடு தெரிகிறது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூடம் நிறையப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில், எல்லாருக்கும் பின்னால் வாசலில், வெளிறிய முகத்தோடு ஒரு தடித்த பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். யார் அது என்று ஒரு கணம் பார்த்தேன்.

ஏப்ரல் 13

தம்பி கையுறை வாங்கி வந்தான், வெட்டு தாங்கும் சாம்பல் நிறக் கையுறை. இதைப் போட்டால் விரலுக்குக் கண்ணாடி என்ன சொல்கிறது என்று கேட்காது என்றேன். “கண்ணாடி சொல்றதைக் கேட்டு நீ கிழிச்சது போதும்,” என்றான்.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறான். மாத்திரைகளைச் சமையலறையிலிருந்து கடைக்குக் கொண்டுவந்து, வெட்டும் கத்தி வைக்கும் பெட்டிக்குள்ளேயே, கத்தியின் மேலேயே வைத்துவிட்டான். அட்டையை நகர்த்தாமல் கத்தியை எடுக்க முடியாது. சிலேட்டிலும் எழுத்து மாறியிருக்கிறது: ‘வெட்டு நாள். மாத்திரை நாள்.’ நாளை தேய்ப்பு நாள் என்றால் அதற்குக் கீழும் அதையே எழுதுவானாம்.

வந்தவர் ஒருவர் மாத்திரை அட்டைக்கும் சட்டம் போடுகிறீர்களா என்று கேட்டார்.

ஏப்ரல் 19

ஞாயிறு, கடை இல்லை, கத்திப் பெட்டியும் திறக்கவில்லை. மாத்திரை ஞாபகமே வரவில்லை. மதியம்தான் நினைவு வந்தது. பழைய ஆளாக இருந்தால் இன்றைக்கு லீவு என்று விட்டிருப்பேன். பயந்துபோய்க் குச்சி டாக்டருக்கே போன் போட்டேன். ஞாபகம் வந்தவுடன் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மட்டும் விட்டுவிட்டு அடுத்ததை வழக்கம் போல் போட வேண்டும், இரண்டு வேளையை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்றார். போட்டேன்.

“போன் பண்ணினதுக்கு தேங்க்ஸ்மா,” என்றார். பதிலுக்கு நானும் தேங்க்ஸ் சொல்லிவிட்டேன், சண்டை எதுவும் போடாமல். வயசாகிறது.

ஏப்ரல் 27

வெட்டு நாள். மாத்திரை போட்டேன், கையுறை போட்டேன், பெரிய சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடி வெட்டினேன். ஒரு கீறல் இல்லை. பெருமையாக மாடிக்குப் போய் ரொட்டி அறுத்தேன். ரொட்டிக் கத்தி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. கண்ணாடிக்காரியைக் கடைசியில் ரொட்டி வெட்டியது.

வந்தது ரத்தம். பழையபடி, மூடாத குழாய் மாதிரி, ரொட்டியெல்லாம் ஜாம் தடவியது போல. “பஞ்சு,” என்று கத்தினேன். ரோலோடு படி ஏறி ஓடி வந்தான்.

முகத்தைத் திருப்பவில்லை. என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விரலில் பஞ்சை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பஞ்சு சிவந்தது. அதன்மேல் இன்னொன்று வைத்தான், அதுவும் சிவந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான், பார்க்கப் பார்க்க முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு பரவியது.

“நிக்க மாட்டேங்குதுக்கா,” என்றான்.

“மாத்திரை போட்டேனான்னு வெட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கிற விஷயமில்லடா. டாக்டர் கேட்டா ரெண்டு பேரையும் உதைப்பாங்க.”

“தெரியும். நான் சும்மா சொன்னேன்.”

பத்து நிமிடம் எடுக்காமல் பிடித்திருந்தான். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நின்றது. கட்டுப் போட்டுவிட்டு, சிவந்துபோன பஞ்சையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டான். கை கழுவினான். கழுவி முடித்ததும் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து மயங்கிவிட்டான்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். இப்போது ரத்தம் படாத ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். நாளை மாட்டு நாள். சாப்பாட்டு மேசைக் கண்ணாடி கனம் அதிகம், ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டும்.